கஸ்பாரின் சட்டையில் அடித்த காற்று

அந்தக் கதையைக் கஸ்பார் ரொட்ரிகோ முப்பது வருஷத்துக்கு மேலாக நம்பவில்லை. நம்பவில்லை என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்ததுதான் அவன் அதற்குக் காட்டிய மரியாதை.

கல்யாணமான இரண்டாவது வாரம், கருவாட்டுக் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே, உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரலில் அவன் மனைவி அமலோற்பவம் சொன்ன கதை அது. இலங்கையில் கலவரம் நடந்ததற்கு அடுத்த வருஷம், கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்த வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு, அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பலேறி அவள் ராமேஸ்வரம் வந்தபோது, அந்தக் கப்பலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பாய்க்கப்பல் வந்ததாம். வெள்ளைக்காரர் காலத்தில் குளத்தில் விட்டு விளையாடச் செய்த வகை. பாய்மரம் ஒரு பிள்ளையின் உயரம், கவிழாமல் இருக்க அடியில் ஈயம் வார்த்த ஏராக்கட்டை. பாயெல்லாம் காற்று நிரம்ப, பெரிய கப்பல் போட்டுக்கொண்டு போன நுரைப்பாதையிலேயே, வழி தெரிந்த நாய்க்குட்டி மாதிரி பின்தொடர்ந்து வந்து, கப்பலைக் கட்டுமுன்னே இறங்குதுறைப் படியை முட்டி நின்றதாம். அவள் குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம். யாரும் கொடுக்கவில்லையாம்.

"ம்," என்று சொல்லிவிட்டுக் கஸ்பார் சாப்பிட்டு முடித்தான்.

அன்றிலிருந்து அவன் அந்தக் கதையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பல் துலக்கும்போது கேட்டான், பஸ்ஸில் கேட்டான், மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுக் கோயிலிலிருந்து திரும்பும்போது கேட்டான். அன்றைக்கு மழை இருந்ததா என்று கேட்டான், பாய் என்ன நிறம் என்று கேட்டான், கடல் எப்படிக் கிடந்தது என்று கேட்டான். மழை இல்லை, பாய் வெள்ளை, ஓரத்தில் பழுப்பு, கடல் எண்ணெய் மாதிரி என்று அவள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொன்னாள். அப்படி ஒரு சொல்கூட மாறாமல் வருவதுதான் அவனுக்கு உறுத்தியது. அவன் சொல்கிற உண்மைகளெல்லாம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறித்தான் வந்தன. மாறாமல் இருக்கவேண்டுமென்றால் ஒன்றை மனப்பாடம் செய்திருக்கவேண்டும், பொய்யைத்தான் மனுஷன் மனப்பாடம் செய்வான் என்று அவன் நினைத்தான். கடல் எந்தப் பெண்பிள்ளைக்கும் சாமான் கொண்டுவந்து கொடுப்பதில்லை. கொடுப்பவன் ஒருத்தன் இருந்திருக்கவேண்டும்.

கஸ்பார் தூத்துக்குடியில் தோணிகளுக்கு என்ஜின் பூட்டுகிறவன். கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் வெங்காயமும் கூரை ஓடும் செங்கலும் ஏற்றிக்கொண்டு போகிற பெரிய மரத் தோணிகள் பாயை இறக்கி என்ஜினுக்கு மாறிய காலத்தில் தொழிலுக்கு வந்தவன். காற்றை நம்பிப் பிழைப்பு நடத்தாதவன். போல்ட்டை எவ்வளவு முறுக்கவேண்டுமோ அதற்கு மேல் அரைச்சுற்று முறுக்கினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். ஒரு தடவைகூட அவன் கடலுக்குப் போனதில்லை. கரையில் நின்று முறுக்குவான், தோணி போய்விடும்.

அமலோற்பவமோ கரைப் பழக்கம் தெரியாமல் வந்தவள். கல்யாணமான புதிதில், அவன் மறந்துவிட்டுப் போன ஸ்பானரை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடிவந்து, "கஸ்பார்! கஸ்பார்!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. புருஷன் பேரைச் சொன்னதற்காக அல்ல, புறப்பட்டவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டதற்காக. பக்கத்துவீட்டுப் பனிமயம் அக்கா அவள் கையைப் பிடித்து, "எம்மா, சோத்துச் சட்டியவே மறந்துட்டுப் போனாலும் கூப்பிடமாட்டோம். பொறப்பட்ட தோணியும் மனுசனும் ஒண்ணு. கூப்பிட்டா மனசு திரும்பிரும்," என்று புத்தி சொன்னாள். "எனக்குத் தெரியாது அக்கா, எங்கட ஊர்ல கூப்பிடுவோம்," என்றாள் அமலோற்பவம். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டதில்லை. ஆனால் அன்று காலை தெருவில் தன் பெயர் பின்னாலிருந்து வந்து முதுகில் தட்டியதைக் கஸ்பார் மறக்கவில்லை. திரும்பித்தான் பார்த்தான்.

பாய்க்கப்பல் பீரோவின் மேலே கிடந்தது. வீடு மாறும்போது பாய்மரம் ஒடிந்தது, கயிறுகளைக் கரப்பான் தின்றது, பாய் பொடிந்து பொடிந்து ஒருநாள் துடைப்பத்தோடு போனது. மகள் கல்யாணமாகிப் போனாள். கப்பல் அங்கேயே கிடந்தது.

அதை அவன் கீழே இறக்கியது ஒரு கல்யாணப் பந்தியால். கொழும்பிலிருந்து வந்திருந்த மதலேன் என்ற சொந்தக்காரி அமலோற்பவத்துக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள், நடுவில், "உங்கட எதிர்வீட்டு லெயோன் இருக்கானே பிள்ளை, அவன் இன்னும் அப்படியேதான். கல்யாணமும் கட்டேல்ல. பின்னேரமானா கடற்கரையில போய் இந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிப்பான்," என்றாள்.

"அப்படியா," என்றாள் அமலோற்பவம். பிறகு கஸ்பார் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ரசம் வேணுமா?" என்று கேட்டாள்.

ரசம் வாங்கிக்கொண்டான். அந்த "அப்படியா"வை வீட்டுக்குக் கொண்டுபோய், இரவெல்லாம் உருட்டி உருட்டிப் பார்த்தான். அதில் ஆச்சரியம் இருந்ததா, இல்லையா? இருந்திருந்தால் ஏன்? இல்லாமலிருந்தால் அதைவிட ஏன்? சாவியை எதிர்வீட்டில் கொடுத்தோம் என்று இத்தனை வருஷம் கேட்டிருக்கிறான், எதிர்வீட்டில் யார் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. மறுநாள் காலை ஸ்டூல் போட்டு ஏறிக் கப்பலை இறக்கினான்.

"இத்தனை வருசம் இல்லாத அக்கறை?" என்றாள் அமலோற்பவம்.

"பழுது பாக்கணும். வீணாக் கெடக்கு."

பழுது பார்க்க அல்ல. பெயர் பார்க்க. ஒரு மனுஷன் ஒரு பெண்ணுக்குக் கப்பல் கொடுத்தால் எங்கேயாவது தன் பெயரை எழுதாமல் இருக்கமாட்டான் என்று கஸ்பார் உறுதியாக இருந்தான். அவனாக இருந்தால் எழுதியிருப்பான். வீட்டுக்குப் பின்னால் இருந்த என்ஜின் கொட்டகையில் கப்பலைக் கவிழ்த்துப் போட்டு உப்புத்தாளால் தேய்த்தான். வெள்ளைக்கு அடியில் பச்சை இருந்தது, பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் தேன் நிறத்தில் மரம். மேல்தட்டைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தான். காய்ந்த கடற்பாசியும் ஒரு நண்டின் ஓடும் இருந்தன. நண்டு எங்கேயும்தான் போகும் என்று அதைத் தூக்கி எறிந்தான்.

அவனோடு வேலை பார்க்கிற இன்னாசி, தங்கை புருஷன், கையில் டீயோடு வந்து நின்றான். "என்ன மச்சான், கப்பலப் பழுது பாக்கிறீரா, போஸ்ட்மார்ட்டம் பண்றீரா?"

"உன் வேலயப் பாருல."

பெயர் இல்லை. பெயர் இல்லாததும் அவனுக்கு ஒரு தந்திரமாகவே பட்டது. ஆனால் இவ்வளவு தேய்த்த பிறகு அப்படியே போட்டுவிட முடியாது, கை அதற்குப் பழகிவிட்டது. விரிசல்களில் பஞ்சைத் திரித்துத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினான். தேக்குச் சட்டத்தை இழைத்துப் புதுப் பாய்மரம் நட்டான். பித்தளை வளையங்களைப் புளி போட்டுத் தேய்த்தான். கயிற்றுக்கு மீன்பிடி நரம்பு போட்டு, ஒவ்வொன்றையும் என்ஜின்காரன் முறுக்குகிற மாதிரி அரைச்சுற்று அதிகமாகவே இழுத்துக் கட்டினான். பாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட இடம் விடவேண்டும், இல்லாவிட்டால் கப்பல் நேரே காற்றின் முன்னால் ஓடுமே தவிர வேறெங்கும் போகாது என்று அந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். என்ஜின் பூட்டுகிறவனுக்குத் தெரியவேண்டிய அவசியம் இருந்ததில்லை.

பாய் தைக்கத் துணி வேண்டியிருந்தது. "எங்கிட்ட ஒரு துணி இருக்கு," என்றாள் அமலோற்பவம். "கொழும்புல இருந்து கொண்டுவந்தது."

"வேண்டாம்."

டிரங்குப் பெட்டியைத் திறந்து, தன் கல்யாணத்தன்று கோட்டுக்குள் போட்டிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, அவள் பார்க்கவே கத்தரித்தான். அந்தக் கப்பலை யார் கொடுத்திருந்தாலும் இனிமேல் அதன்மேல் விரியப்போவது தன்னுடைய சட்டை என்பதில் அவனுக்கு ஒரு திருப்தி. முதுகுத்துணி முன்பாய்க்குப் போனது. நெஞ்சுப்பக்கம் பெரிய பாயானது. சட்டைப்பையைப் பிரிக்காமல் அப்படியே விட்டான்.

"பாயில பை எதுக்குங்க?"

"இருக்கட்டும்."

பாயை ஏற்றிக் கடைசி முடிச்சைப் போட்டு முன்னறை மேசையில் கொண்டுவந்து வைத்தபோது உச்சிவேளை. பங்குனி மாதம், ஊரில் இலை அசையவில்லை, கரண்ட் வேறு போயிருந்தது. சன்னலெல்லாம் வெயிலுக்குச் சாத்தியிருந்தது. கஸ்பார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றபோது பாய் மெல்ல உப்பியது. முதலில் பை அசைந்தது, பிறகு பொத்தான் ஓட்டைகள் விரிந்தன, பிறகு மூச்சை இழுத்துப் பிடித்த நெஞ்சு மாதிரி சட்டை முழுதும் நிமிர்ந்து நின்றது. பாயைத் தாண்டி வந்த காற்று அவன் வியர்வையைக் குளிர வைத்தது.

அமலோற்பவம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "காத்து வந்துட்டுதா?" என்றாள். பிறகு அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள்.

கஸ்பார் கொட்டகைக்குப் போய், ஒரு தோணியிலிருந்து கழற்றி வைத்திருந்த காம்பஸை எடுத்துவந்து மேசையில் வைத்தான். கொண்டல் கிழக்கிலிருந்து வரும், சோளகம் தெற்கிலிருந்து வரும்; இது இரண்டுக்கும் நடுவில், அறையின் மூலையிலிருந்து, அரிசி டிரம் இருந்த இடத்திலிருந்து வந்தது. சுவரில் தொங்கிய துறைமுகக் காலண்டரில் கடலின் படம் இருந்தது. அடிமட்டத்தை வைத்துப் பார்த்தான். கொழும்பு.

ஊர் அதை வாங்கிக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் பனிமயம் அக்கா நனைந்த போர்வையோடு வந்தாள், "மாடியில வெயிலு, ஆனா காத்து இல்ல தம்பி, ஒரு மூலையில போட்டுக்கிறேன்," என்று சொல்லிப் பாய்க்குப் பின்னால் நாற்காலியில் விரித்தாள். அரைமணியில் காய்ந்த போர்வையைத் தெருவெல்லாம் தடவிப் பார்த்தது. அடுத்த நாள் வடகம் வந்தது, அதற்கடுத்த நாள் வேர்க்குரு போட்ட கைக்குழந்தைகள் வந்தன, கரண்ட் போகும்போதெல்லாம் ஆட்கள் கோரைப்பாயைக் கொண்டுவந்து கஸ்பாரின் முன்னறையில் விரித்துப் படுத்தார்கள், சீட்டாடுகிறவர்கள் மட்டும் சீட்டு பறக்கிறது என்று வாசலோடு நின்றார்கள். முக்குக்கடையில் ஃபேன் விற்கிறவர், இந்த வருஷம் வியாபாரம் படுத்துவிட்டது என்று பங்குச் சாமியாரிடம் போய்ப் புகார் சொன்னார். சாமியார் வந்து பார்த்தார். சட்டையின் பையைப் பார்த்துச் சிரித்தார். இது நல்ல காற்றா கெட்ட காற்றா என்று கேட்டவர்களிடம், "காத்துக்கு நாம ஞானஸ்நானம் குடுக்கிறதில்லையே," என்று சொல்லிவிட்டுச் சட்டைக்காலரைத் தளர்த்திக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். உப்பளத்துக்காரர் ஒருவர், பாத்தி காய ஒரு வாரத்துக்கு இரவல் தரமுடியுமா என்று ஆள் அனுப்பினார்.

பிறகு மணம் தெரிந்தது. விடியற்காலை அந்தக் காற்றில் சுட்ட பாண் மணந்தது, கொழும்பு பேக்கரியில் கட்டைகட்டையாக எடுத்து அடுக்குகிற ரொட்டியின் மணம். சில நாள் ஈரமாக வந்தது, அன்று அங்கே மழை என்று தெரிந்துகொண்டார்கள். கொழும்பில் பிள்ளைகளையும் தங்கைகளையும் விட்டுவிட்டு வந்தவர்கள், ஒரு காலத்தில் அங்கே கடை வைத்திருந்தவர்கள், அங்கே பிறந்து இங்கே நரைத்தவர்கள் எல்லாம் காலைப் பூசை முடிந்து வரிசையாக வந்து, பாய்க்குப் பின்னால் ஆளுக்குக் கொஞ்சநேரம் நின்று மூக்கை உயர்த்தினார்கள். "இன்னைக்கு மீன்சந்தை நாத்தம் கூட இருக்கு," என்று ஒருத்தி சந்தோஷமாக அழுதாள். போன் போட்டுப் பேசினால் ஆகாதா என்று அவள் மகன் கேட்டதற்கு, "போன்ல மணக்குமால?" என்றாள்.

எல்லோரும் வந்து நின்றார்கள். அமலோற்பவம் மட்டும் வந்து நிற்கவில்லை.

அதைத்தான் கஸ்பார் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், பாண் மணத்தில் வளர்ந்தவள், ஒருநாள்கூட அந்தப் பாய்க்குப் பின்னால் போய் நிற்கவில்லை. நிற்கவேண்டிய தேவை இல்லாதவள்தான் நிற்காமல் இருப்பாள் என்று நினைத்தான். நின்றிருந்தால் என்ன நினைத்திருப்போம் என்றும் அவனே கேட்டுக்கொண்டான்; அதற்கும் அவனிடம் பதில் தயாராக இருந்தது, தன்னைப்பற்றி அது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இன்னொன்றையும் அவன் பார்த்தான், ஊரும் பார்த்தது. அவள் சும்மா அந்த அறையைக் கடந்து போகும்போதெல்லாம் சட்டை இன்னும் கொஞ்சம் உப்பியது. அவள் முந்தானை தூக்கியது. தண்ணீர்க்குடத்தோடு போனால் குறுக்கே ஒரு வீச்சு, துடைப்பத்தோடு போனால் இன்னொரு வீச்சு.

இன்னாசியால் வாயை வைத்துக்கொண்டு இருக்கமுடியாது. ஒருநாள் ஆட்கள் நிறைந்திருந்த முன்னறையில், "சட்டை உம்மது மச்சான். மூச்சுதான் யாரதுன்னு தெரியல," என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தான். சிரித்த வாயோடு கொட்டகைக்குப் போய், யாரும் கொண்டுவராத ஒரு என்ஜினைத் திறந்து வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான்.

அதன்பிறகு அரிசி டிரம்மை நகர்த்திவிட்டுப் பீரோவை அந்த மூலையில் தள்ளினான். காற்று பீரோ வழியாக வந்தது. உள்ளே மடித்திருந்த சேலைகளின் அந்துருண்டை மணத்தையும் சேர்த்துக்கொண்டு வந்தது. கப்பலைத் திருப்பி வைத்தான். அதுவே மெதுவாகத் திரும்பிக்கொண்டது. ஒரு மதியம் சவரக்கத்தியை எடுத்துப் பாய்க்கயிற்றில் வைத்தான். தன் கல்யாணச் சட்டையின் பொத்தான் ஓட்டைகள் அவனைப் பார்த்தன. கத்தியை மடித்தான்.

"அந்தக் காத்து உன்னத் தேடித்தான வருது?" என்றான், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது.

அவள் நிமிர்ந்தாள். கோபம் வந்தால் மட்டும் அவளுக்குப் பழைய ஊரின் பேச்சு வரும். அந்தப் பேச்சின்மேலும் அவனுக்குப் பொறாமை உண்டு. "என்ன கதைக்கிறீங்க நீங்க? நானா அதைக் கூப்பிட்டன்? பழுது பாத்தது நீங்கள். பாய் தைச்சது நீங்கள். மேசையில கொண்டுவந்து வச்சதும் நீங்கள்தான்."

"அப்ப திருப்பி அனுப்பிருவோம்."

"எதை?"

"வந்த எடத்துக்கு."

அவள் கீரைத்தண்டை ஒடித்து முறத்தில் போட்டாள். "உங்கட இஷ்டம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, உப்பளத்துக்குக் கடல்நீர் ஏற்றுகிற கால்வாய் கடலோடு சேருகிற இடத்துக்குக் கஸ்பார் கப்பலைத் தோளில் சுமந்துகொண்டு போனான். தெருவே பின்னால் வந்தது. சும்மா வரவில்லை, கொழும்புக்குச் சொல்லியனுப்ப ஆளுக்கொரு சேதி வைத்திருந்தார்கள், ஒருத்தி மேல்தட்டில் ஒரு கொத்து முருங்கைக்கீரையைக் கட்டியேவிட்டாள். அமலோற்பவமும் வந்தாள். கப்பலைத் தண்ணீரில் இறக்குமுன் தன் கழுத்துச் சங்கிலியிலிருந்து மாதா பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"எனக்கு ஒருநாளும் போட்டுவிட்டதில்ல," என்றான் கஸ்பார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"நீங்க எங்கயும் போகலையே."

அவன் கப்பலைத் தண்ணீரில் விட்டான். கொழும்பு மூலையிலிருந்து வந்த காற்று சட்டையை நிரப்பி, கப்பலை நேராகக் கரைக்குத் தள்ளியது. அது அமலோற்பவத்தின் காலருகே வந்து முட்டி நின்றது. கம்பால் தள்ளினான். திரும்பி வந்து முட்டியது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எவ்வளவு தூரம் தள்ளிவிட்டாலும் திரும்பி வந்து, வேறு யார் காலையும் முட்டாமல், அவள் காலையே முட்டியது. கூட்டம் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்தது.

"மச்சான், கயித்தத் தளத்தும்!" என்று இன்னாசி கத்தினான். "இழுத்துக் கட்டினா காத்து தள்ளுற பக்கந்தான் ஓடும். கொஞ்சம் விட்டுக் குடும், அதுவே காத்தக் குறுக்க வெட்டி ஏறும்!"

கஸ்பார் வாழ்நாளில் எதையும் தளர்த்தியதில்லை. நனைந்த விரல்களால் முடிச்சைப் பிரித்து, இரண்டு விரற்கடை விட்டு, மறுபடி கட்டினான். பாய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கப்பல் குலுங்கியது, பிறகு யாரும் தள்ளாமலே தலையைத் திருப்பிக்கொண்டு, காற்றின் முகத்துக்கு நேராக அல்லாமல் ஓரமாக, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வெட்டி வெட்டிக் கால்வாய் வாயைத் தாண்டிக் கடலில் ஏறியது.

சிரிப்பு நின்றது. புறப்பட்டுவிட்டது. பெண்கள் வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள், சேதி சொல்லியனுப்ப மறந்த கிழவிகள்கூட மறந்ததை விழுங்கிக்கொண்டார்கள். அமலோற்பவம் மட்டும் முகத்தைத் திருப்பவில்லை. கூப்பிடவும் இல்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைக் கஸ்பார் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் எப்போதோ ஒரு கப்பலின் பின்புறத்தில் பத்தொன்பது வயதில் அது இப்படித்தான் இருந்திருக்கும் என்று உடனே தெரிந்தது.

வெள்ளைச் சட்டை சின்னதாகிக்கொண்டே போனது. அவன் நெஞ்சுத்துணி, கல்யாணத்தன்று கோயிலில் நின்றபோது உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டதே, அந்த இடத்தை மூடியிருந்த துணி, யாரோ ஒருத்தன் நிற்கிற கரைக்கு, தானாகவே, சந்தோஷமாக ஓடியது. அனுப்பவேண்டும் என்றுதான் வந்தான். அனுப்பியாகிவிட்டது. வாயைத் திறந்தபோது என்ன சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. அந்தக் கப்பலுக்குப் பெயர் இல்லை என்று தேய்த்துப் பார்த்தவன் அவன்தானே.

"அமலி!" என்று கத்தினான்.

கூட்டம் திடுக்கிட்டுத் திரும்பியது. இந்தக் கரையில் பிறந்த ஒருவன், புறப்பட்ட ஒன்றைப் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"என்னங்க?" என்றாள் அமலோற்பவம், பக்கத்திலிருந்து. "இங்கதான நிக்கேன்."

தூரத்தில் அந்த வெள்ளைப் புள்ளி நின்றது. தலையைத் திருப்பியது. சட்டை நிரம்ப, முருங்கைக்கீரை ஒரு பக்கம் தொங்க, நேராக, அவசரமாக, வழி தெரிந்து வந்து கஸ்பாரின் தொடையில் முட்டி நின்றது.

"நல்லா அனுப்பினீர் மச்சான்," என்றான் இன்னாசி. யாரும் சிரிக்கவில்லை. பனிமயம் அக்கா மட்டும், "கூப்பிட்டா வரத்தான செய்யும்," என்று பொதுவாகச் சொன்னாள், கடலைப் பார்த்து.

திரும்புகிற வழியில் கப்பல் அவன் தோளில் கனத்தது. பாயில் காற்று இல்லை. வீட்டில் மேசையில் வைத்தபோதும் இல்லை. பீரோ இருந்த மூலை சும்மா ஒரு மூலையாக இருந்தது. சட்டை தொங்கிக்கொண்டு, காது கொடுத்துக் கேட்கிற மாதிரி அசையாமல் இருந்தது. அமலோற்பவம் முந்தானையால் ஏராக்கட்டையின் ஈரத்தைத் துடைத்தாள், பைக்குள் விரலை விட்டுப் பதக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள், எடுக்காமல் விட்டாள்.

கஸ்பார் நனைந்த வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்தக் கதையை அவன் இப்போது நம்பினான், மழை இல்லாததையும் எண்ணெய் மாதிரிக் கடலையும் நுரைப்பாதையையும் இறங்குதுறைப் படியையும். நம்பாத இத்தனை வருஷம் எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. பொய்யாக இருந்தால், எவனோ ஒருத்தன் ஒரு பொம்மையைக் கொடுத்தான், அவ்வளவுதான். உண்மையாக இருந்தால், அது தானாக வந்திருக்காது, கூப்பிட்டுத்தான் வந்திருக்கும். பெயரே இல்லாத ஒன்று, கூப்பிடுகிறவன் எந்தப் பெயரை விடமுடியாமல் வாயில் வைத்திருக்கிறானோ அந்தப் பெயருக்குத்தான் திரும்பும். கப்பல் தன் தொடையில் வந்து முட்டியதில் அதை இன்று அவன் தெரிந்துகொண்டான். பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்று தெரியாத ஊரில் வளர்ந்த ஒரு பெண், கப்பலின் பின்புறத்தில் நின்று, கரை சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் அது அவன் பெயராக இருக்க முடியாது. அவனை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. இது தெரிந்தும், முப்பது வருஷமாக மழையையும் பாயின் நிறத்தையும் கேட்டுக்கொண்டிருந்தவன், அவள் துடைத்து முடித்து முந்தானையைப் பிழியும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டான்:

"அமலி, அன்னைக்குக் கப்பல் பின்னாடி நின்னு, நீ யார் பேரச் சொல்லிக் கூப்பிட்ட?"